உக்காந்து சாப்பிடற வயசு

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் பிசியோதெரபி பிரிவில் நிற்க இடம் இருக்காது. மாதம் முழுக்க நாற்காலியை விட்டு எழாதவர்கள், பௌர்ணமி வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மலையை ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள். விடிந்ததும் முட்டி வீங்கி, குதிகால் கன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வரிசை கட்டுவார்கள். அண்ணாமலையார் மேல் பாரத்தைப் போட்டு நடந்தவர்கள், மறுநாள் அந்தப் பாரத்தை அப்படியே என் மேல் இறக்கி வைப்பார்கள். எல்லோருக்கும் ஒரே கோரிக்கைதான். "மேடம், கரண்ட் வைங்க."

வலிக்கிற இடத்தில் கருவியின் பட்டைகளை ஒட்டி லேசாக மின்சாரம் பாய்ச்சுவதற்கு ஊரார் வைத்த பெயர் அது. கரண்ட் வைத்தால் நாங்கள் நல்ல டாக்டர். "தினமும் இந்த உடற்பயிற்சியைச் செய்யுங்கள்" என்றால் கரண்ட் வைக்கத் தெரியாதவர்கள்.

இந்த ஊர் மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் இடத்தில் இப்போது இருக்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். புதுக் கருவிகள் வந்திருக்கின்றனவாம், கூட்டம் இன்னும் ஜாஸ்தியாம். "ஒருத்தர்கூட எக்சர்சைஸ் பண்ண மாட்டேங்குறாங்க மேடம். நீங்க எப்படித்தான் பண்ண வெச்சீங்க?" என்று கேட்டாள். திட்டித்தான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால் அது முழு பதில் இல்லை என்று பட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சென்னையில் படித்த வருடங்களில் எலும்பும் தசையும் நரம்பும் மனப்பாடம் பண்ணினேன். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தசைகளுக்குச் சொந்தக்காரர்களான மனிதர்களைப் பற்றி அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. அதை எலும்பு முறிவுப் பிரிவின் தலைவரிடம்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றே சொல்வோம். உருவத்தில் அவர் சின்ன மனிதர். பேச்சு அதைவிடக் கம்மி.

அவர் அறையில் நோயாளிக்கென்று கை வைக்காத மர நாற்காலி ஒன்று உண்டு. வயதானவர் யார் வந்தாலும் முதலில் அதில் உட்காரச் சொல்வார். எக்ஸ்ரேயை நீட்டினால் வாங்கி மேசையில் கவிழ்த்து வைப்பார். "கையை ரெண்டையும் நெஞ்சு மேல கட்டிக்கோங்க. இப்ப கையை ஊனாம எழுந்திருங்க." அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. எழுந்தவரை மறுபடி உட்காரச் சொல்வார், மறுபடி எழச் சொல்வார். எழ முடியாதவர் பக்கத்தில் இருக்கும் மகனையோ மகளையோ பார்ப்பார். அவர்கள் கை தானாக நீளும். "நீங்க கையை எடுங்க" என்பார் டாக்டர், குரலை உயர்த்தாமல். அதில் எத்தனை பேர் முகம் சுண்டிப் போயிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த காலத்தில் ஒரு நாள் கேட்டே விட்டேன், எக்ஸ்ரேயைப் பார்த்தாலே தெரியுமே சார், எதற்கு இது என்று.

"எக்ஸ்ரே எலும்பைக் காட்டும்மா. இது வீட்டைக் காட்டும்" என்றார். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் இரண்டு பேர் அடுத்தடுத்து வந்தார்கள். ஒருவர் லாட்ஜ் முதலாளி, ஐம்பதைத் தாண்டியவர். உட்கார்ந்தவர் எழுவதற்குத் தொடையில் கையை ஊன்றினார், மேசையைப் பிடித்தார், கடைசியில் டிரைவரைக் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர் எண்பதை நெருங்கிய தறிக்காரர். கிரிவலப் பாதையில் வாழைப்பழத் தோலை மிதித்து விழுந்ததில் மணிக்கட்டு பிசகியிருந்தது. கழுத்திலிருந்து தூளி கட்டித் தொங்கவிட்ட கையோடு, எழச் சொன்னதும் சட்டென்று எழுந்து நின்றார். போதும் என்று சொல்லும்வரை உட்கார்ந்து எழுந்துகொண்டே இருந்தார். எப்படி என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துல வாத்தியார் தோப்புக்கரணம் போட வெச்சாரும்மா. பழகிப்போச்சு. தெருமுனைப் புள்ளையாருக்கு தெனம் போட்டுடுவேன். படிப்புதான் ஏறல, இதுவாச்சும் இருக்கட்டுமேன்னு" என்றார். பெரிய டாக்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு முறைதான்.

இனி குப்பம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். போனில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

குப்பம்மாளுக்கு அடி அண்ணாமலை ஊர். வயது எழுபதுக்குமேல். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அது போக ஊரார் நிலத்தில் நாற்று நடுவது, மல்லாட்டை என்று இங்கே சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்குவது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையோரம் அடுப்பு மூட்டி இட்லி விற்பது. புருஷன் சீக்கிரம் போய்விட்டான். ஒரே மகன் ஏழுமலையை அந்த இட்லியும் மல்லாட்டையும்தான் படிக்கவைத்தன. அவர் மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் ஆகி, கடன் தீர்த்து, கடைசியில் ஊரிலேயே மாடி வைத்த வீடும் கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று எல்லோர் முன்னாலும் அம்மாவைப் புது சோபாவில் உட்கார வைத்துச் சொன்னாராம். "இனிமே நீ ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. உக்காந்து சாப்பிடணும்."

நம் ஊரில் ஒரு மகன் அம்மாவுக்குச் சொல்லக்கூடிய உச்சபட்ச மரியாதை அது. "அவளுக்கு இன்னா, புள்ள தலையெடுத்துட்டான், உக்காந்து சாப்புடறா" என்று அக்கம்பக்கம் பேசும்போது அதில் பொறாமைகூட இருக்கும். குப்பம்மாளும் உட்கார்ந்தார். தண்ணீர் மொள்ள எழுந்தால் மருமகள் ஓடிவருவாள். வாசல் பெருக்க எழுந்தால் ஏழுமலைக்குக் கோபம் வரும். வயல் போயிற்று, அடுப்பு போயிற்று. இரண்டு வருடம் போல அப்படி ஓடியிருக்கும். ஒரு நாள் காலையில் சோபாவிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போகும்போது கால் தாங்காமல் மடங்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்துவிட்டது.

பெரிய டாக்டர் அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார். எலும்பு நன்றாகப் பொருந்தியிருந்தது. மறுநாள் எழுப்பி நிற்க வைக்க வேண்டியது என் வேலை. வெளியே இருப்பவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியும். ஆனால் வயதானவர்களைக் கொல்வது பெரும்பாலும் முறிவு அல்ல, அதற்குப் பிறகு வரும் படுக்கை. படுத்தே கிடந்தால் சளி நெஞ்சில் தங்கும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் பசி போகும், பேச்சு போகும். ஒரு இளைஞனுக்கு ஒரு மாதப் படுக்கையில் போகும் பலம், அவர்களுக்கு ஒரு வாரத்தில் போய்விடும்.

முதலில் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தித் தொடையை இறுக்கச் சொன்னேன். என் உள்ளங்கையைத் தொடைமேல் வைத்துப் பார்த்தேன். தசை அசையவே இல்லை. முறிவுபடாத காலிலும் அப்படித்தான். நாற்பது வருடம் சேற்றில் நின்ற கால் அது, பழந்துணி மாதிரி தொளதொளத்துக் கிடந்தது. மெல்லப் புரட்டி, கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார வைத்ததும் குப்பம்மாள் "அப்பா" என்று முனகினார். ஏழுமலை எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

"வலிக்குதுன்றாங்க இல்ல? வுடுங்க மேடம்."

"வலி மருந்து போட்டிருக்கு சார். இன்னைக்கு நிக்கணும்."

"எங்கம்மா நின்னது போதுங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப விடிஞ்சா நிப்பாங்க, பொழுது போனா நிப்பாங்க. கஷ்டப்பட்டு கஷ்டப்பட்டுதான் முட்டி தேஞ்சுது. இன்னும் எதுக்கு எழுப்பறீங்க?"

"உங்க அம்மா கஷ்டப்பட்டதால விழல. நீங்க உக்கார வெச்சதால விழுந்தாங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. அதைச் சொன்னதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. ஆனால் அவர் முகம் போன போக்கை மறக்கவும் இல்லை. அம்மாவைத் திரும்பப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டார். அதற்குப்பின் நான் வார்டுக்குள் நுழைந்தாலே எழுந்து கட்டிலை மறித்து நிற்பார். குப்பம்மாள் என்னைப் பார்ப்பார், மகனைப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். நோயாளியே வேண்டாம் என்றால் கையைப் பிடித்தா இழுக்க முடியும்?

பெரிய டாக்டர் தாழ்வாரத்தில் ஏழுமலையை நிறுத்தினார். பக்கத்தில்தான் நின்றேன். "நீங்க உழைப்பை நிறுத்துனது சரிதான். கூடவே உடம்பையும் நிறுத்திட்டீங்க. எழுப்ப விடுங்க" என்றார். ஏழுமலை கைகூப்பினார். கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. காயம் ஆறியதும் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அழைத்துக்கொண்டு போனார். பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கர் ஒன்றையும் வாங்கிப்போனார், பிரிக்காத உறையோடு.

அடுத்த பௌர்ணமி அன்று மத்தியானம் என் போனுக்கு ஏழுமலை அழைத்தார். முன்பிருந்த விறைப்பு குரலில் இல்லை.

"மேடம், அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. பேசவும் மாட்டேங்குறாங்க. செவுத்தப் பாத்துனு படுத்துக்கீறாங்க. இருமல் வேற. இன்னா பண்றதுன்னு தெரியல."

போனைப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, உதடு நீலம் பூத்திருக்கிறதா, கால் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தார். "நீ போய்ப் பாரு. மூச்சு சரியில்லன்னா அங்கயிருந்தே கூப்பிடு, ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன். நல்லா இருந்தா எழுப்பிட்டு வா. இன்னைக்கு எழலைன்னா அப்புறம் எழ மாட்டாங்க."

செங்கம் ரோட்டில் ஆட்டோ பாதியில் நின்றுவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தலையாகவே தெரிந்தது. இறங்கிக் கூட்டத்தோடு நடந்தேன். கிரிவலப் பாதையில் ஓட முடியாது, முந்தவும் முடியாது, கூட்டம் போகும் வேகத்தில்தான் போகலாம். சுற்றிலும் அரோகரா என்ற குரல்கள். எனக்கோ, போவதற்குள் மூச்சுத் திணறல் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பு. இந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆம்புலன்ஸ் எப்போது வந்து சேரும்? வழியெல்லாம் எனக்கு முன்னால் ஒரு கிழவர் கைத்தடி இல்லாமல் நிதானமாக நடந்துகொண்டிருந்தார். அவர் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அது கொஞ்சம் தைரியமாக இருந்தது.

பொழுது சாயும்போது வீட்டை அடைந்தேன். குப்பம்மாள் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாடி பார்த்தேன், மூச்சை எண்ணினேன், முதுகில் காதை வைக்காத குறையாகக் கேட்டேன். சளி இருந்தது, ஆனால் திணறல் இல்லை. முதுகின் அடியில் ஒரு இடம் சிவந்து புண்ணாகத் தயாராக இருந்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆழமாக மூச்சிழுத்து இருமச் சொன்னேன். நாலைந்து முறை இருமியதில் சளி வெளியே வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்க விட்டேன். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. நெடுநாள் படுத்தவர் உட்கார்ந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கும், தலை சுற்றும். முகம் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். வெளுக்கவில்லை. வாக்கரை உறை பிரித்து முன்னால் வைத்தேன். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து முட்டிக்கு நேர் கீழே பதித்தேன். இடுப்பில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றேன்.

"முன்னாடி குனியுங்கம்மா. மூக்கு முட்டியத் தாண்டி வரணும். வாக்கரை இழுக்காதீங்க, காலால தரையை அழுத்துங்க."

குனிந்தார். அந்த நேரம் ஏழுமலை கட்டில்மேல் முட்டி போட்டு, பின்னாலிருந்து அவருடைய இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கினார். குப்பம்மாள் அப்படியே மகன்மேல் சாய்ந்தார். பாதம் முன்னால் வழுக்கியது. பட்டையை இழுத்துப் பிடித்து உட்கார வைத்தேன். இன்னொரு தடவை விழுந்தால் வைத்த கம்பி தாங்காது.

மறுபடி முயன்றோம். மறுபடியும் அதே கை, அதே சாய்வு.

"கையை எடுங்க சார்" என்றேன்.

"வுழுந்துட்டா?"

"முன்னாடி நான் இருக்கேன், வுழ விட மாட்டேன். நீங்க பின்னாடி பிடிக்கிற வரைக்கும் அவங்க பின்னாடிதான் சாய்வாங்க. காலுக்கு வேலையே வராது. கையை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிடி இன்னும் இறுகியது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், எழுந்து நிற்பது வீட்டைக் காட்டும் என்று பெரிய டாக்டர் சொன்னது அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கியது.

அப்போது குப்பம்மாள் பேசினார். இரண்டு நாளாகப் பேசாத வாய், குரல் கரகரத்தது.

"ஏயுமல, வுடுடா."

"யம்மா, வுழுந்துடுவ."

"நீ ஆசயா சொன்னியேன்னுதான்டா ஒக்காந்தேன். நாலு பேரு முன்னாடி சொன்ன. எயுந்தா ஒனக்குக் கொறயாப் பூடுமேன்னு ஒக்காந்தே கெடந்தேன். ஒக்காந்து ஒக்காந்து பாதிப் பொணமாயிட்டேன். வுடு."

ஏழுமலை கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டையும் நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டார்.

குப்பம்மாள் குனிந்தார். மூக்கு முட்டியைத் தாண்டியது. தொடை வெடவெடவென்று ஆடியது. நான் பட்டையைப் பிடித்திருந்தேனே தவிர இழுக்கவில்லை. ஒரு கணம் பின்னால் போய்விடுவார் போலத்தான் இருந்தது. பிறகு முட்டி நிமிர்ந்தது, இடுப்பு நிமிர்ந்தது, நின்றுவிட்டார். ஜன்னல் வழியே பாதையில் போகும் கூட்டம் தெரிந்தது. "இன்னா ஜனம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும் என்னைப் பார்த்து, "இன்னொருவாட்டி நிக்கறேன்" என்றார்.

ஏழுமலை சமையலறைப் பக்கம் திரும்பி நின்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. வேலை நேரத்தில் அழக் கூடாது என்பது என் கொள்கை, அன்றைக்கு அது கொஞ்சம் தளர்ந்தது.

அதற்குப்பின் வேலை நீளமானது, அலுப்பானது. சொல்ல சுவாரசியமாக எதுவும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, வாசல்வரை நடப்பது, பிறகு தெருமுனைவரை. ஏழுமலையே கூட நின்று செய்ய வைத்தார், தொடாமல். வயலுக்கும் அடுப்புக்கும் குப்பம்மாள் திரும்பவில்லை, திரும்ப வேண்டியதும் இல்லை. கூலி வேலை வேறு, பயிற்சி வேறு. ஒன்று உடம்பைத் தின்னும், மற்றது உடம்புக்கு ஊட்டும். கூலியிலிருந்து அவரை விடுவித்தது மகன் செய்த நல்ல காரியம். சில மாதம் கழித்துப் பெரிய டாக்டர் அறைக்கு வந்தார்கள். மர நாற்காலியில் உட்கார்ந்த குப்பம்மாள், சொல்வதற்கு முன்னாலேயே கையைக் கட்டிக்கொண்டார். எழுந்தார், கொஞ்சம் தள்ளாடினார், நின்றார். டாக்டர் "ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

என் இடத்தில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். கரண்ட் வைக்கிறதை வையுங்கள், அதோடு கூட வந்திருப்பவர் கையையும் பாருங்கள். எழுபதில் வேண்டிய காலை எழுபதில் போய்த் தேட முடியாது, நாற்பதிலிருந்தே தினம் கொஞ்சம் அசைத்து வைத்திருக்க வேண்டும். இழந்தவர்களும் கொஞ்சம் மீட்கலாம், ஆனால் பக்கத்தில் இருக்கிறவர்கள் விட வேண்டும். இதற்கு மாதம் ஒரு கிரிவலம் போதாது. இப்படிச் சொன்னதற்கு அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சென்ற மாதம் காலை நடை முடிந்து திரும்பும்போது, என் வீட்டு வாசலில் ஏழுமலை நின்றிருந்தார். தலை நரைத்து, பணி ஓய்வு பெற்று, ஆனால் ஆள் கட்டுறுதியாகவே இருந்தார். உள்ளே கூட்டிப்போய் நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தவர் சிரித்துக்கொண்டே கையைக் கட்டி, சட்டென்று எழுந்து காட்டினார்.

"என் பொண்ணு இப்ப என்னை உக்காந்து சாப்பிடுங்கப்பான்றா மேடம்" என்றார்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மழைக்காலத்தில் போய்விட்டார் என்றார். முதல்நாள் சாயங்காலம்கூடத் தெருமுனைவரை நடந்திருக்கிறார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படுத்தவர், காலையில் எழவில்லை. சொல்லும்போது அவர் கண் நிறைந்தது, குரல் மட்டும் உடையவில்லை.

"கடைசி வரைக்கும் எங்கம்மா உக்காந்து சாப்பிடலைங்க மேடம். எழுந்து வந்து சாப்பிட்டாங்க."